ஈரம் காய்வதற்குள்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள், முழுக்கக் கேளுங்கள்.

நியூ மெக்சிகோவில் பியூப்ளோ பூர்வகுடிகளின் கிராமம் ஒன்றில், க்ரூசிட்டா கரும்பானை வனைவாள். கணவன் எஸ்தெவான் அதில் நீர்ப்பாம்பைச் செதுக்குவான். பிறகு மெருகு. செம்மண் குழம்பைப் பூசி, ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்த்து முடிக்க வேண்டும். நடுவில் எழுந்தால் போச்சு, பூச்சு முழுவதையும் சுரண்டிவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மெருகு போடுகிறவளை அந்த வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை.

எஸ்தெவான் நெஞ்சு நோயில் படுத்தான். படுக்குமுன் ஒரு பானையைச் செதுக்கி முடித்திருந்தான்.

"இதுதான் கடைசி. நடுவுல எழுந்திரிக்காம மெருகு போட்டு முடி. சத்தியம் பண்ணு," என்றான். பண்ணினாள்.

மறுநாள் காலை க்ரூசிட்டா கல்லை எடுத்தாள். அது உரசுகிற சத்தம் உள்ளறை வரை கேட்கும். பானை முக்கால்வாசி மின்னியபோது, நோயாளிக்குத் துணையிருந்த தங்கை ரெய்யஸ் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அத்தான் கூப்பிடுறாரு."

"கொஞ்ச நேரந்தான். வந்துடறேன்னு சொல்லு."

ரெய்யஸ் போய்விட்டாள். மறுபடி கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டுப் பழக்கம் அப்படி. க்ரூசிட்டா மிச்சத்தைத் தேய்த்தாள். மின்னிய இடத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். கை கழுவி உள்ளே போனபோது எஸ்தெவான் போய்ச் சேர்ந்திருந்தான்.

ஒரு வாரம் கழித்துப் பானையைச் சுட்டார்கள். நெருப்பைச் சாணத்தூளால் மூடிப் புகைய விட்டதும், சிவப்புப் பானை மையாகக் கறுத்தது. மெருகில் ஒரு கீறல்கூட இல்லை. ஊரே பாராட்டியது. க்ரூசிட்டா அதைத் துணி போட்டு மூடிவிட்டாள்.

சத்தியம் வாங்கிவிட்டுக் கூப்பிட்ட எஸ்தெவான், ஒரே ஒருமுறை வந்து சொன்ன ரெய்யஸ், எழுந்திருக்காத க்ரூசிட்டா. இதில் யார் செய்தது சரி?

விடை: எஸ்தெவான்தான். கல்லின் சத்தம் காதில் விழுந்தும் கூப்பிட்டான் என்றால், வாங்கிய சத்தியத்தை அவனே திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று பொருள். பூச்சை மறுநாள்கூடப் பூசலாம். இது க்ரூசிட்டாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தவள் மின்னிய இடத்தையே ஏன் தேய்த்தாள்? பல நாள் கழித்து ரெய்யஸிடம் சொன்னாள்: "உள்ள போனா முடிஞ்சிடும்னு தெரியும்டி. கல்லு கையில இருந்த வரைக்கும் அவர் இருந்தாரு." அவள் செய்தது தப்புதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.