இடது கன்னம்

பாளையங்கோட்டைக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாதவர்கள் அங்கே படுத்திருந்தார்கள். அங்கேயே சில பெண்களுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்தாள் நர்ஸ் கனகவல்லி. படுத்தவரைப் புரட்டுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்காரவைப்பது. கற்று முடித்தவர்கள் வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேலைக்குப் போனார்கள்.

கனகவல்லி அதிகம் பேச மாட்டாள். கட்டிலருகே நின்று ஒருமுறை செய்து காட்டுவாள். பிறகு விலகி நின்று பார்ப்பாள்.

அந்தக் கூட்டத்தில் தமயந்திதான் மூத்தவள். கனகவல்லியைவிடவும் வயதில் பெரியவள். டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் நெடுங்காலம் ஆயாவாக இருந்தவள். பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் இனி வேலை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதனால் வந்திருந்தாள். ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றிவிடுவாள். மாற்றிய விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. அவளுக்கே அது தெரியும்.

பவுலின் மணப்பாட்டுப் பக்கம், கடற்கரைப் பெண். வருவதற்கு முன்னால் ஒரு நோயாளியைத் தொட்டதில்லை. கிண்ணத்தைத் தட்டிவிடுவாள். வாளியில் இடித்துக்கொள்வாள். ஆனால் அவள் உள்ளே நுழைந்தால் படுத்திருப்பவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

ஒருநாள் பவுலின் ஒரு கிழவிக்குத் தலை துவட்டிப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். பின்னல் கோணலாகத்தான் வந்தது. அந்த வழியாகப் போன கனகவல்லி நின்று பார்த்தாள்.

“நல்லா இருக்கு பவுலின்.”

எதிர்க்கட்டிலில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த தமயந்தியின் கை நின்றுவிட்டது. வந்த நாளிலிருந்து தன்னிடம் ஒருமுறைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை சிஸ்டர். அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டையில் அந்தக் கோணல் பின்னல் மாட்டிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகு அவள் கண் வேறெங்கும் போகவில்லை. சிஸ்டர் யாரைப் பார்க்கிறாள், யார் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறாள், யாரிடம் சிரிக்கிறாள். பவுலினுடைய சிரிப்பு பிடிக்கவில்லை. பவுலின் செருப்புச் சத்தம் பிடிக்கவில்லை. அவள் “எக்கா” என்று கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருந்துகொள்வாள்.

இதற்கிடையில் ஒரு பேச்சு வந்தது. அடுத்த கூட்டம் வரும்போது கூட நின்று சொல்லித்தர ஒருத்தியை இங்கேயே வைத்துக்கொள்ளப் போகிறாளாம் சிஸ்டர். தமயந்தி அது தனக்குத்தான் என்று நினைத்திருந்தாள். சமையல்கட்டிலோ பவுலின் பெயர் அடிபட்டது.

அவளால் பொறுக்க முடியவில்லை. மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த கனகவல்லியிடம் போய் நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும் சிஸ்டர்.”

“கேளுங்கக்கா.”

“என் வேலையில ஏதாவது குறை இருக்கா?”

“இல்லையே.”

“பொறவு எனக்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிய? அவகிட்ட அப்படி என்னத்தக் கண்டிய?”

கனகவல்லி துணியை உதறி மடித்தாள்.

“பவுலினுக்கு ஊட்டத் தெரியல. ஆவுடையப்பன் ஐயாவுக்கு ஊட்டுறதுக்கு நீங்க சொல்லிக்குடுங்கக்கா.”

“நானா? அவளுக்கா?”

“இங்க ஐயாவுக்கு ஊட்ட உங்கள விட்டா யாருக்குத் தெரியும்?”

சொல்லிவிட்டு அடுத்த தட்டைத் துடைக்கப் போய்விட்டாள். தமயந்திக்கு அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்வதா, அடியாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஆவுடையப்பன் ஐயா கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே ரயில் போனால் வலது கையைத் தூக்கிக் கொடி காட்டுவார். யாரும் அதைக் கவனிப்பதில்லை. பவுலின் மட்டும் பதிலுக்குக் கை காட்டுவாள்.

தமயந்தி ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தாள். கட்டிலின் தலைமாட்டை நல்லா உயர்த்து. தாடை கீழே இறங்கியிருக்கட்டும். அரைக் கரண்டிக்கு மேல் எடுக்காதே. வாயின் வலது பக்கமாகக் கொடு, அங்கேதான் உணர்ச்சி இருக்கு. தொண்டை மேலே ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டி. எல்லாம் சரியான சொல். பவுலின் உதட்டுக்குள் முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. ஐயாவுக்கு இடது கன்னத்தில் உணர்ச்சி கிடையாது. சாப்பாடு அங்கே ஒதுங்கிக்கொள்ளும். அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. ஊட்டி முடித்ததும் விரலில் ஈரத்துணியைச் சுற்றி அந்தக் கன்னத்தைத் துழாவி எடுக்க வேண்டும். அதற்கு முன் படுக்கவைத்தால் மிச்சம் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வேறு யாரும் கண்டுபிடிக்காததைத் தமயந்தி தானாகவே கண்டுபிடித்து, தினமும் செய்துவந்தாள்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் ஐயா பவுலினைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தார். இத்தனை நாள் ஊட்டிய தமயந்தியைப் பார்த்து அவர் சிரித்ததில்லை.

“அவ்வளவுதானா எக்கா?” என்றாள் பவுலின்.

“அவ்வளவுதான்.”

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தமயந்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் சொல்லவில்லை. இன்று தானே கன்னத்தைத் துடைத்துவிட்டால் போயிற்று என்று, பவுலின் அந்தப் பக்கம் போனதும் துடைத்துவிட்டாள். அதற்கடுத்த நாள் காலை பவுலினைத் தனியாக ஊட்டச் சொன்னாள் கனகவல்லி. தமயந்தியை வேறொரு கட்டிலுக்கு அனுப்பினாள்.

குழைத்த இட்லி. பவுலின் ஒரு துளிகூடக் கீழே சிந்தாமல் ஊட்டினாள். கிண்ணம் காலியானதும் சந்தோஷத்தில் ஐயாவின் வாயைத் துடைத்துவிட்டு, “தூங்குங்க தாத்தா” என்று தலைமாட்டை இறக்கினாள்.

ஐயாவின் முகம் மாறியது. இருமல் வந்தது. பிறகு இருமலும் வரவில்லை. வலது கை காற்றைப் பிடித்து இழுத்தது.

“எக்கா!” என்று அலறினாள் பவுலின்.

தமயந்தி மூன்று கட்டில் தள்ளி நின்றாள். அவளுக்குள் முதலில் வந்தது பயம் இல்லை. ‘மாட்டிக்கிட்டா’ என்று ஒரு குதூகலம். ஒரு கணம்தான். அடுத்த கணம் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

ஐயாவை நிமிர்த்தி முன்னால் சாய்த்தாள். இடது கன்னத்துக்குள் விரலை விட்டு ஒரு கவளத்தை வழித்து எறிந்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள். உள்ளேயிருந்து ஒரு துண்டு தெறித்து விழுந்தது. ஐயா கிழிந்த சத்தத்தோடு மூச்சை இழுத்தார்.

கனகவல்லி அதற்குள் வந்து நின்றிருந்தாள். மூச்சைக் கேட்டாள், நாடி பார்த்தாள், டாக்டரை வரச் சொன்னாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ஆபத்தில்லை, ஆனால் நெஞ்சில் சளி கட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும் என்றார்.

மத்தியானத்துக்குள் இல்லம் முழுக்கத் தமயந்தியின் பேச்சுதான். சமையல்காரி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஐயாவின் மகள் ஓடிவந்து, “நீங்க இல்லன்னா எங்கப்பா இல்ல” என்று அழுதாள். இத்தனை நாள் ஏங்கியதெல்லாம் ஒரே நாளில் வந்து குவிந்தது. தமயந்தியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

பவுலின் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து அவள் காலைத் தொட்டாள்.

“நீங்க ஒழுங்காத்தான் சொல்லித் தந்திய எக்கா. எனக்குத்தான் மண்டையில ஏறல. ஒரு உசிர் போயிருக்கும். எனக்கு இந்த வேல வேண்டாம். ஊருக்கே போறேன்.”

தமயந்தி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பவுலின் கேட்டைத் திறந்துகொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

அவள் மறைந்த பிறகு தமயந்தி கனகவல்லியைத் தேடிப் போனாள். ஐயாவின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தாள் கனகவல்லி.

“பவுலின் போயிட்டா சிஸ்டர்.”

“எங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனா.”

“நீங்க தடுக்கலையா?”

“ஊட்டத் தெரியாதுன்னு சொல்லுதவள நான் எப்படித் தடுக்க?”

தமயந்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“கன்னத்தப் பாக்கணும்னு நான் அவளுக்குச் சொல்லல.”

“தெரியும்.”

“எப்படி?”

“ஓடி வந்த உடனே உங்க விரல் எங்க போச்சுன்னு பாத்தேன். நீங்க தேடல. நேரா அங்கதான் போச்சு. அவகிட்டயும் சொல்லியிருந்தா அவ விட்டிருக்க மாட்டா.”

ஐயா தூக்கத்தில் ஒருமுறை இருமினார். இருவரும் அவர் மார்பையே பார்த்தார்கள்.

“அவ கால்ல விழுந்தா சிஸ்டர். எங்கால்ல.” தமயந்தியின் குரல் உடைந்தது. “என்னைய அனுப்பிருங்க. நான் இங்க இருக்கத் தகுதியில்ல.”

“உங்கள அனுப்பினா அது உங்களோட போயிருமேக்கா.”

“எது?”

“எனக்கே தெரியாது, ஐயாவுக்கு அந்தக் கன்னத்துல தங்குதுன்னு. இன்னிக்குத்தான் பாக்கேன்.” கனகவல்லி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “திருச்செந்தூர் பஸ் இன்னும் வந்திருக்காது.”

தமயந்தி ஓடினாள். ஸ்டாப்பில் பவுலின் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். தமயந்தி மூச்சு வாங்க நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, அந்த ஒரு கணக் குதூகலத்தைக்கூட.

பவுலின் பெட்டியின் மூடியை நகத்தால் சுரண்டினாள்.

“தாத்தா செத்திருந்தா?”

தமயந்தி தன் விரலையே பார்த்தாள்.

“நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யல. உன்னப் பாத்தா எல்லாரும் சிரிக்காவ. அதான்.”

பஸ் வந்தது. பவுலின் எழுந்து படியில் ஒரு காலை வைத்தாள். கண்டக்டர் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. காலை எடுத்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டுப் போனது.

“உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல” என்றாள். “ஆனா தாத்தாவுக்கு எப்படித் துடைக்கணும்னு காட்டுங்க.”

தமயந்தி அந்த ரோட்டோரத்திலேயே வாயைத் திறந்து, பவுலினின் விரலைப் பிடித்துத் தன் இடது கன்னத்துக்குள் வைத்துக் காட்டினாள். ஸ்டாப்பில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஐயா தேறினார். பவுலின் அதற்குப் பிறகு தமயந்தியை “எக்கா” என்று கூப்பிடவே இல்லை. வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். கேட்டதையெல்லாம் தமயந்தி சொன்னாள். கேட்காததையும் சொன்னாள். முதுகில் புண் வரப்போவதை எந்த நிறத்தில் கண்டுபிடிப்பது, பேச்சு போனவருக்கு வலிக்கிறது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது, இப்படி நர்சிங் ஹோமில் கற்றது அத்தனையும்.

பயிற்சி முடிந்தது. கூட நின்று சொல்லித்தரும் வேலைக்குப் பவுலினைத்தான் வைத்துக்கொண்டாள் கனகவல்லி. தமயந்திக்கு நர்சிங் ஹோமிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

கிளம்புகிற அன்று காலை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்தாள். புதிய கூட்டம் வந்திருந்தது. ஆவுடையப்பன் ஐயாவின் கட்டிலைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். நடுவில் பவுலின். “சாப்பிட்டு முடிச்சதும் படுக்க வைக்கக் கூடாது. இந்தக் கன்னத்துல தங்கும். நானே காட்டுதேன், பாருங்க” என்று விரலில் ஈரத்துணியைச் சுற்றினாள். தமயந்தி செய்வது போலவே சுற்றினாள். தமயந்தியின் பெயரைச் சொல்லவில்லை. பெண்கள் பவுலினை வியந்து பார்த்தார்கள். ஐயா பவுலினைப் பார்த்துச் சிரித்தார்.

தமயந்தி பையை இழுத்து மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வழியனுப்பக் கேட்டருகே நின்றாள் கனகவல்லி.

“ஒண்ணு கேக்கேன் சிஸ்டர். அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். தெரிஞ்சதெல்லாம் குடுத்துட்டேன். ஒண்ணுகூட மிச்சம் வைக்கல.”

“ஆமாக்கா.”

“ஆனா இன்னும் வயிறு எரியுதே. இப்பக்கூட, அங்க பாத்துட்டு வாரேன், எரியுது.”

“எரியட்டும்க்கா” என்றாள் கனகவல்லி. “அந்தப் புதுப் பொண்ணுங்க ஐயாவோட கன்னத்தப் பாத்தாங்களா?”