கேமராவை விட்டு நகராத செங்கமலம்

ராமநாதபுரத்தில் துணி தேய்த்துப் பிழைக்கும் செங்கமலத்துக்கு ஒரு காலையில் வீடியோ கால் வந்தது. திரையில் காக்கிச் சட்டையோடு ஒருவர் மீசையை முறுக்கினார்.

"நான் டெல்லி கமிஷனர். உன் பேருக்குப் போதை பார்சல் வந்திருக்கு. உன்னைப் போன்லயே கைது பண்ணிட்டேன். ஓடிபி சொல்ற வரைக்கும் கேமராவை விட்டு நகரக் கூடாது!"

மகளின் நர்சிங் படிப்புக்கான பணம் முழுக்க பாங்கில்தான் இருந்தது. செங்கமலம் பயந்துதான் போனாள். ஆனால் பத்து வருஷமாகப் போலீஸ் உடுப்புத் தேய்ப்பவள் அவள். கமிஷனரின் சட்டைக் கையில் வெறும் ஏட்டு போடும் மூன்று பட்டையைக் கண்டதும் பயம் அடங்கியது.

"நகர மாட்டேங்கய்யா" என்றவள், போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏய்! பின்னால கடையெல்லாம் ஓடுது?"

"நான் கேமராவை விட்டு நகரலைங்கய்யா. அதுவும் என்கூடத்தான் வருது."

நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழைந்து, போனை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

"ஐயா, டெல்லி கமிஷனர் பேசுறாரு. எந்திரிச்சு சல்யூட் வைங்க."

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. பதறி எழுந்து சல்யூட் வைத்தது கமிஷனர்தான். மேலே காக்கி, கீழே கட்டம் போட்ட லுங்கி.