மருதையன் மாட்டிய போர்டு

மருதையனுக்கு அறுபது வயசு. அவருடைய குரு பச்சையம்மாளுக்கு நாற்பத்தெட்டு. பெரம்பலூர்ப் பக்கம், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே பச்சையம்மாள் ஒரு சின்ன ஆசிரமம் வைத்திருந்தார். அதற்கு முன்னால் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. மருதையன் அவரை 'அம்மா' என்பார். அவர் மருதையனை 'அண்ணே' என்பார்.

அன்றைக்கு விடிந்ததும் மருதையன் ஆசிரம வாசலில் ஒரு போர்டு மாட்டினார். 'மரபணு மாற்றிய எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது.' தள்ளி நின்று நாலு தரம் படித்துப் பார்த்துக்கொண்டார். மனுஷனுக்கு அவ்வளவு பெருமை!

எல்லாம் ஆசிரமத்தையும் மருதையன் காட்டையும் ஒட்டிய காட்டுக்காரி கொளஞ்சியால் வந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் சோதனைக்குக் கொடுத்த மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை அவள் விதைத்திருந்தாள். இரண்டு வருஷமாகப் படைப்புழு தின்று தீர்த்த காடு அது. புருஷனும் இல்லாதவள், பாவம், வேறு என்ன செய்வாள்? அந்தப் பயிரைச் சாயங்காலம் பிடுங்கி எறிய மருதையன் பதினைந்து பேருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

போர்டை மாட்டிவிட்டுக் கைகால் கழுவி, ஊசி டப்பாவை எடுத்துக்கொண்டு குருவுக்கு ஊசி போடப் போனார். சர்க்கரை வியாதிக்கு ஒன்பது வருஷமாக அவர்தான் தினமும் போடுகிறார். அறையில் ஆளைக் காணோம். இன்சுலினைக் குளுமையாக வைத்திருக்கும் மண்பானையையும் காணோம்.

தேடிக்கொண்டு வெளியே வந்தால், வாசலுக்கு அந்தப் பக்கம், வெயிலில், பானையை மடியில் வைத்துக்கொண்டு குரு உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா இது, கூத்து?"

"போர்டைப் படிச்சேன். வெளியே வந்துட்டேன்."

"அது சோளத்துக்கும்மா!"

"இந்த மருந்து மட்டும் என்னவாம்? மனுஷ மரபணுவை ஒரு கிருமிக்குள்ள வெச்சு, அந்தக் கிருமியை வெச்சே இன்சுலின் செய்றாங்க. ஒன்பது வருஷமா என் உடம்புக்குள்ள ஓடுது. நான் எப்படி உள்ளே வர்றது?"

ஒரு நாள் ஊசி தவறினாலே குருவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும்.

"ஐயோ, தெரியாம எழுதிட்டேம்மா!" ஓடிப்போய் போர்டைக் கழற்றினார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. "அப்போ, கொளஞ்சி போட்ட விதை நல்லதுதானா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"காத்துல மகரந்தம் என் காட்டுக்கு வந்துடுமேம்மா. விதைக்குன்னு விட்ட கதிரெல்லாம் கலந்துபோகுமே."

"அந்தப் பயம் நியாயம்தான்."

"அப்போ கெட்டதா?"

"அப்படியும் சொல்லலையே."

"பிடுங்கட்டுமா, வேண்டாமா? அதையாவது சொல்லுங்கம்மா."

பச்சையம்மாள் விரலை நீட்டினார்.

மருதையன் அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். கருவியில் எண்ணைப் பார்த்தார். இருநூற்று நாற்பது. "ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?"

"பிரசாதம் கொண்டு வந்தாங்க. சர்க்கரைப் பொங்கல்."

"நெனச்சேன்!" முனகிக்கொண்டே மருந்தை ஏற்றினார். வெளிச்சத்தில் பிடித்துக் குமிழி இருக்கிறதா என்று பார்த்து, வயிற்றில் மெல்லக் குத்தினார். பிறகு உள்ளே போய்க் கம்பங்கஞ்சி எடுத்து வந்தார்.

"நேத்து பத்து யூனிட் போட்டீங்க. இன்னைக்கு ஏன் பன்னிரண்டு?"

"பார்த்தேன்ல, கேட்டேன்ல? நேத்து உடம்பு வேற, இன்னைக்கு உடம்பு வேற. கண்ணை மூடிக்கிட்டுப் போட்டா இதே மருந்து ஆளைச் சாய்ச்சிடும்மா."

பச்சையம்மாள் கஞ்சியை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"கொளஞ்சி காட்டுக்குள்ள இதுவரைக்கும் எத்தனை தடவை போய்ப் பார்த்தீங்க, அண்ணே?"

வரப்பைத் தாண்டினால் கொளஞ்சி காடுதான். மருதையன் ஊசி டப்பாவை மூடிக் குருவிடம் கொடுத்துவிட்டு, வரப்பில் இறங்கி நடந்தார்.