முள்ளம்பன்றிக்குக் கடைசி இடம் சொன்ன இருவாட்சி

ஒரு காட்டில் மழைக்காலம் முடிந்ததும் சைக்கிள் பந்தயம் நடக்கும். காட்டில் ஏது சைக்கிள் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. இருந்தது, ஓட்டினார்கள், அவ்வளவுதான். முதல் சில நாட்கள் சமவெளியில் ஓட்டுவார்கள். கடைசி நாள் மொட்டைமலை ஏற வேண்டும். வளைவுக்கு மேல் வளைவு. உச்சியை நெருங்கினால் எதிர்காற்று முகத்தில் அறையும். அன்றைக்கு யார் முதலில் ஏறுகிறாரோ அவருக்குத்தான் மாலை.

அந்தக் காட்டில் கொண்டையப்பன் என்றொரு இருவாட்சிப் பறவை இருந்தது. மேலே பறந்தபடியே பந்தயம் முழுவதையும் பார்க்கும். யாருக்கு எந்த மேட்டில் மூச்சு வாங்கும், யார் எங்கே பெடலை அழுத்துவார் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. கெட்டிக்காரப் பறவைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத்தான் அதற்குத் தெரியாது.

அதன் மனைவி பூவாத்தா முட்டை வைக்கும் நேரம் நெருங்கியிருந்தது. இருவாட்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டு வாசலை அடைத்துவிடும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அப்படி உட்காரத் தோதான பொந்து லேசில் கிடைக்காது. இவர்களுக்கு ஒன்று கிடைத்திருந்தது.

அந்தப் பொந்தின் மேல் ஒரு மரநாய்க்கு ரொம்ப நாளாக ஒரு கண். மலையேற்றத்துக்கு முதல் நாள் அது மெதுவாக வந்து கிளையில் உட்கார்ந்தது.

"அண்ணே, நாளைக்கு மலையில யாருண்ணே?"

"கடமான்" என்றது கொண்டையப்பன். "இதிலென்ன சந்தேகம்? நீளக் கால், நல்ல மூச்சு. காட்டுப்பன்றி பாதி மலையில திணறும். கரடிக்கு உடம்பு கனம். முள்ளம்பன்றி கடைசி."

"அவ்வளவு உறுதியா? அப்ப ஒரு பந்தயம் வச்சுக்குவோம். கடமான் முதல்ல வந்தா என் அத்திமரம் உங்களுக்கு. வரலைன்னா இந்தப் பொந்து எனக்கு."

"சரி, நீ யாரைச் சொல்ற?"

"நான் பகலெல்லாம் தூங்குறவன். எனக்கென்னண்ணே தெரியும்?"

பூவாத்தா குறுக்கே வந்தது. "வேணாங்க. முட்டை வைக்கிற நேரத்துல வீட்டை வச்சா விளையாடுவீங்க?"

"பேசாம இரு பூவாத்தா. நீ உள்ள உட்கார்ந்துட்டா, உனக்குப் பழம் சுமந்தே என் றெக்கை தேஞ்சு போகும். அத்திமரம் பக்கத்துலயே கிடைச்சா நல்லதுதானே?"

"ஒண்ணே ஒண்ணுண்ணே" என்றது மரநாய். "நாளைக்கு நீங்க பேச்சை மாத்திடக் கூடாது பாருங்க. இப்பவே எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிடுங்க."

அதைத்தானே கொண்டையப்பன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது! உயரக் கிளம்பிக் காடு முழுக்கச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. "நாளைக்குக் கடமான்தான் முதல்! முள்ளம்பன்றி கடைசி!" இருவாட்சியின் தொண்டை எப்படிப்பட்டது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த எல்லார் காதிலும் அது விழுந்தது.

மறுநாள் பந்தயம் தொடங்கியது. மலையடிவாரத்திலேயே கடமான் முன்னால் போனது. காட்டுப்பன்றியும் கரடியும் அதன் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டன. முன்னால் போகிறவர் காற்றைத் தாங்குவார், பின்னால் வருகிறவருக்கு உழைப்பு மிச்சம். அது சைக்கிள்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

கடமான் திரும்பிப் பார்த்தது. "கொஞ்ச தூரம் நீங்களும் முன்னால போங்களேன்."

"ஜெயிக்கப் போறவன் நீ. நீயே போ" என்றது காட்டுப்பன்றி.

கடமானுக்குக் கோபம் வந்தது. இவர்களைச் சுமந்துகொண்டு மலையேற நான் என்ன மாட்டுவண்டியா என்று வேகத்தைக் குறைத்தது. அவர்களும் குறைத்தார்கள். அது நின்று நின்று மிதித்தால் இவர்களும் நின்று நின்று மிதித்தார்கள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஊர்ந்தார்கள்.

அப்போது பின்னால் மணிச்சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி ஓரமாக விலகி, அவர்களைத் தாண்டி ஏறியது. முள்ளுக்குப் பயந்து அதன் பின்னால் யாரும் ஒட்டமாட்டார்கள். அதையும் யாரும் பக்கத்தில் சேர்க்கமாட்டார்கள். அதனால் தனியாகவே காற்றில் ஓட்டிப் பழகிய பிராணி அது.

"அது போகுதே" என்றது காட்டுப்பன்றி.

"போகட்டும்" என்றது கரடி. "கடைசியில வரப்போற ஆளுன்னு இருவாட்சியே சொல்லியாச்சு. நீ கடமானை விட்டுடாதே."

மேலே பறந்துகொண்டிருந்த கொண்டையப்பன் இதையெல்லாம் பார்த்தது. முள்ளம்பன்றி ஒரு வளைவு தாண்டியது, இன்னொரு வளைவும் தாண்டியது. கீழே மூன்று பேரும் நகர்ந்தபாடில்லை. பொறுக்கமாட்டாமல் தாழப் பறந்து கத்தியது. "விரட்டுங்க! முள்ளம்பன்றியை விரட்டிப் பிடிங்க!"

கரடிக்கு எதிலும் சந்தேகம். "கேட்டியா? நாம விரட்டிக் களைச்சுப் போகணும், அப்புறம் கடமான் நோகாம ஜெயிக்கணும். அதுக்குத்தான் இது நமக்கு யோசனை சொல்லுது. அசையாதே."

அவர்கள் அசையவில்லை. கடைசியில் கடமான் பொறுமையிழந்து எழுந்து நின்று மிதித்தது. அடேயப்பா, அந்த மிதிக்கு முன்னால் மற்ற இருவரும் காணாமல் போனார்கள். எதிர்காற்றில் முள்ளம்பன்றியை நெருங்கி நெருங்கி வந்தது. இன்னும் ஒரு வளைவு இருந்திருந்தால் பிடித்திருக்கும். வளைவு இல்லை. மலைதான் முடிந்துவிட்டது.

மாலை முள்ளம்பன்றிக்குப் போனது. போட்டதும் முள்ளில் சிக்கிக்கொண்டது, அது வேறு கதை.

கொண்டையப்பன் திரும்பி வந்தபோது மரநாய் பொந்தின் வாசலில் இருந்தது. பூவாத்தா பக்கத்துக் கிளையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது.

"என் கணிப்பு தப்பில்லை" என்றது கொண்டையப்பன். "கடமானுக்குத்தான் கால்ல பலம் அதிகம். நீயே பார்த்திருப்பே."

"தப்புன்னு யாருண்ணே சொன்னா?" மரநாய் கொட்டாவி விட்டது. "யார் ஜெயிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க அந்தக் கத்து கத்தினா கடமானை யாரும் விடமாட்டாங்கன்னு மட்டும் தெரியும்." அது உள்ளே போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

இருவாட்சிகள் இரண்டும் மரம் மரமாக அலைந்தன. ஒரு பொந்தில் அணில் இருந்தது, இன்னொன்றில் ஆந்தை. மற்றவற்றில் அலகுகூட நுழையவில்லை. அந்த வருடம் பூவாத்தா முட்டை வைக்கவில்லை.

நீதி: சரியாகக் கணிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அதைச் சொல்லாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.