தேவாங்கின் ஆறிப்போன தூக்கம்

மிருகங்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தூக்கம் தானாக வராது. பொழுது சாய்ந்ததும் இரவு என்கிறவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மரம் மரமாகப் போய், ஆளுக்கு ஒரு பிடி தூக்கம் சுடச்சுடக் கொடுப்பாள்.

அப்போது தேவாங்குக்குக் கண் மிளகு அளவுதான். வாகை மரத்தில் அவளுக்குத் தலைப்பிள்ளை பிறந்த சமயம், பக்கத்துப் பொந்தில் மரநாய் குடிவந்தது. தன் பங்குத் தூக்கத்தைத் தின்னாமல் ஒளித்துவைத்துவிட்டு வேட்டைக்குத் திரிகிற ஜாதி அது. "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கே" என்று அது விசாரித்துவிட்டுப் போனதும் அவள் அந்தப் பொந்துக்கு முதுகைக் காட்டவே இல்லை.

அன்று இரவு தன் கூடையோடு வந்தபோது தேவாங்கு கையை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாம்க்கா."

"கண்ணு சொருகுதே, பைத்தியமே. வாங்கிக்கோ."

"தூங்கினா காலையில பிள்ளை இருக்காது."

இரவுக்கு இன்னும் எத்தனையோ மரம் பாக்கி. "கிளையில வச்சிட்டுப் போறேன். விடிஞ்சா ஆறிடும். இன்னிக்கு வேண்டாம்னவளுக்கு இனிமே சூடா கிடைக்காது, சொல்லிட்டேன்."

"பரவால்லக்கா."

பிள்ளையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்தாள். இலை அசைந்தால் பார்த்தாள், அசையாவிட்டாலும் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கண் பெரிதாகிக்கொண்டே போனது. மெல்ல ஏறிவந்த மரநாய், இரண்டு நிலா தன்னையே முறைப்பதைக் கண்டு விழுந்தடித்து ஓடியது.

விடிந்ததும் அணில்தான் முதலில் பார்த்தது. "ஏ அகலக்கண்ணி! அப்படி என்ன அதிசயத்தைக் கண்டே?"

"அதிசயமாவது! விவரம் கெட்டவ, அதான் அகலக்கண்ணி. கல்லைக் குடுத்துப் பழம்னு சொன்னாலும் வாங்கிக்குவா" என்றது குரங்கு.

"பயந்தாங்கொள்ளிடா அவ. அகலக்கண்ணின்னா வேற என்ன?" என்றது காக்கை.

ஒரே பெயரை வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை சண்டை. தேவாங்கோ, பிள்ளை மூச்சு விடுகிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கிளையில் கிடந்த ஆறிப்போன தூக்கத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சுருண்டாள்.

அன்று முதல்தான் தேவாங்கு, ஊரெல்லாம் விழித்திருக்கும் பகலில் அந்த மிச்சத்தைத் தின்கிறது. கான்வென்ட் பிள்ளைகள் இங்கிலீஷில் 'வைட்-ஐட்' என்பார்களே, அதுவும் அகலக்கண்ணிதான்; அதற்குள்ளும் வியந்தவள், வெகுளி, பயந்தவள் மூன்று பேரும் ஒன்றாகத்தான் குடியிருக்கிறார்கள். கண் விரிந்த ஒருத்தியைப் பார்த்தால் என்னத்தைக் கண்டாய், ஏன் இப்படி முழிக்கிறாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறோம். தூங்கினாயா என்று மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை.