முகில் தலையாட்டாத நேரம்

கடலும் உப்பளமும் சூழ்ந்த நெடுங்கரை நாட்டை வெகு காலத்துக்கு முன்னால் மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் எதன் மேலாவது ஆசை வந்துவிட்டால் நாடே அதன் பின்னால் ஓட வேண்டும். ஒரு வருஷம் மயில். மறு வருஷம் மல்யுத்தம். அதற்கடுத்து வந்தது குதிரை.

கப்பலில் வந்திறங்கிய சாம்பல் நிறக் குதிரையொன்றை வாங்கி, முகில் என்று பெயர் வைத்தான். தானே படம் வரைந்து அதற்கொரு கொட்டில் கட்டினான். பளிங்குத் தரை, சந்தனக் கதவு, சுற்றிலும் உயரமான சுவர். மற்றக் குதிரைகளின் வாடைகூட அங்கே எட்டாது. காலையும் மாலையும் நெய்யில் புரட்டிய கொள்ளு.

இரண்டே மாதத்தில் முகில் எலும்பும் தோலுமாகிவிட்டது. கதவருகே நின்று தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருக்கும். அலுத்துப்போனால் சந்தனக் கதவைக் கடிக்கும். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. சபையைக் கூட்டினான்.

“குதிரையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும். எதை ஆராய்வது என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் தருகிறேன். பயனுள்ளதைக் கண்டு சொல்பவருக்கு அரண்மனை லாயத்தின் தலைமை. வீண்வேலை பார்த்தவர் நாட்டை விட்டே போகலாம்!”

முதலில் எழுந்தவர் அவைப்புலவர் விடங்கர். ராஜா எதை நினைக்கிறானோ அதையே நாலு மடங்கு அலங்கரித்துச் சொல்வதில் கெட்டிக்காரர்.

“உலகத்துக் குதிரைகள் அத்தனைக்கும் வரும் நோய்கள் அத்தனையும்! அதுவே என் ஆராய்ச்சி, அரசே!”

சபை கைதட்டியது. அடுத்து வெண்ணி எழுந்தாள். ஊரில் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். ராஜா அவளிடம் யோசனை கேட்பது வழக்கம், அதனால் விடங்கருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

“எனக்கு ஒரே ஒரு கேள்விதான், மகாராஜா. முகில் எப்போதெல்லாம் தலையை ஆட்டாமல் இருக்கிறது?”

விடங்கர் விழுந்து விழுந்து சிரித்தார். “நோயை விட்டுவிட்டு, நோய் இல்லாத நேரத்தை ஆராய்கிறாளாம்!”

ராஜாவுக்கும் சப்பென்றாகிவிட்டது. “வெண்ணி, உன்னிடம் இன்னும் பெரிதாக எதிர்பார்த்தேன். சரி, ஒரு மாதம் கழித்துப் பார்ப்போம்.”

விடங்கர் பத்து எழுத்தர்களை உட்காரவைத்து ஓலை ஓலையாக எழுதித் தள்ளினார். வெண்ணி கொட்டிலின் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று வாரத்தில் மூன்று நேரங்கள் பிடிபட்டன. வாயில் பச்சைப்புல் இருக்கும்போது முகில் தலையாட்டவில்லை. ஆற்றங்கரைக்கு நடத்திப் போகும்போது ஆட்டவில்லை. வெளிச் சந்தில் உப்பு மூட்டை சுமந்து ஒரு கழுதை வரும்; அதன் குளம்புச் சத்தம் கேட்டாலும் ஆட்டம் நின்றுவிடும். காதை நிமிர்த்தி அப்படியே நிற்கும்.

வெண்ணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது. ராஜா ஆசை ஆசையாக வரைந்த கொட்டில்தான் நோய் என்று அவனிடமே எப்படிச் சொல்வது?

தவணை நாள் வந்தது. விடங்கர் முந்திக்கொண்டார். “அரசே, இதுவரை ஆயிரம் நோய்களின் பெயர்களை எழுதியாயிற்று. மருந்து எழுத இன்னும் பத்து வருஷம் போதும்.”

“முகிலுக்கு என்ன நோய்?”

“அதன் பெயர் இன்னும் வரவில்லை, அரசே.”

ராஜா பல்லைக் கடித்தான். வெண்ணியைப் பார்த்தான்.

“மகாராஜா, முகிலின் உடம்பில் நோய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருப்பிடத்தைப் பற்றித்தான் ஒரு சந்தேகம்...”

“என்ன!” என்று விடங்கர் துள்ளினார். “அரசர் கைப்பட வரைந்த கொட்டிலில் குறையா? அது சொர்க்கம்! அங்கே இருக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே!”

வெண்ணி கும்பிட்டாள். “ஐயா ஆசைப்படுகிறார், மகாராஜா. மூன்று நாள் அவரே அங்கே தங்கட்டும். வேளை தவறாமல் நெய்ப்பொங்கல் போகட்டும். பேச்சுக்கு மட்டும் ஆள் வேண்டாம், முகிலுக்கும் இல்லையல்லவா? அந்த மூன்று நாளும் முகில் என்னிடம் இருக்கட்டும். சொர்க்கம் என்று அவரே சொல்லிவிட்டால் நான் ஊரை விட்டுப் போகிறேன்.”

ராஜா சம்மதிக்க, விடங்கர் கொட்டிலுக்குள் போனார். சந்தனக் கதவு சாத்தப்பட்டது.

இரண்டாம் நாள் மதியம் ராஜா மெல்லப் போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். பொங்கல் தொடாமல் கிடந்தது. விடங்கர் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக நடந்தார். திரும்பும்போதெல்லாம் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. நடுநடுவே கதவருகே வந்து நகத்தால் சுரண்டினார். பல்லியொன்றைக் கூப்பிட்டு, “நீயாவது ஒரு வார்த்தை பேசேன்” என்று கெஞ்சினார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான். கதவில் குதிரையின் பல் பதிந்த இடத்தைத் தடவினான். “மூன்று மாதம்... இதற்குள்ளேயா அடைத்து வைத்தேன்?”

கதவைத் திறந்ததும் விடங்கர் காலில் விழுந்தார். “அரசே! நாட்டை விட்டு அனுப்புங்கள், சந்தோஷமாகப் போகிறேன். அங்கே மனிதர்களாவது இருப்பார்கள்!”

“பொறு. முதலில் முகிலைப் பார்ப்போம்” என்று ராஜா ஆற்றங்கரைக்கு ஓடினான். பின்னாலேயே சபை முழுவதும் ஓடியது.

புல்வெளியில் அந்த உப்புக் கழுதை நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் முகில் நான்கு காலையும் நீட்டி ஒருக்களித்துக் கிடந்தது. ராஜா அலறிவிட்டான். “ஐயோ! என் முகில் செத்துவிட்டதே!”

“உஸ்!” என்றாள் வெண்ணி, ராஜா என்றும் பார்க்காமல். “தூங்குகிறது, மகாராஜா. துணைக்கு ஒருவர் விழித்திருந்தால்தான் குதிரை இப்படிப் படுக்கும். வந்த நாள் முதல் இன்றுதான் நிம்மதியாகத் தூங்குகிறது.”

ராஜா குரலைத் தாழ்த்திக்கொண்டான். “லாயம் இனி உன் பொறுப்பு. அந்தச் சுவரை நாளைக்கே இடிக்கச் சொல்கிறேன். விடங்கரை என்ன செய்ய?”

“இருக்கட்டும், மகாராஜா. ஆராய்ச்சியில் பாதி அவருடையது. முகில் வாயால் சொல்ல முடியாததை அவர்தானே சொன்னார்?”

விடங்கர் வெட்கத்தோடு தலை குனிந்தார். அந்த நேரம் பார்த்து, ராஜா வந்திருக்கிறார் என்று அறிவிக்கக் காவலாள் ஒருவன் கொம்பை எடுத்து வாயில் வைத்தான். ராஜா பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டான். பிறகு பட்டுடை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் புல்லிலேயே உட்கார்ந்தான். சபையும் ஓசைப்படாமல் உட்கார்ந்தது. முகில் கண் விழிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.