சிரட்டை மூழ்கும் நேரம்

தவமணி அம்மாவிடம் சீடராக வந்து சேர்ந்தபோது கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்தொன்பது. அம்மாவுக்கு நாற்பத்திரண்டு.

பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் அவர். ஒரு நிமிஷம் பிந்தி வந்த டிரைவரையும் சும்மா விட்டதில்லை. ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனார். அங்கே குக்கர் எத்தனை மணிக்கு விசிலடித்தது, பால் எப்போது வந்தது, பேரன் எத்தனை நிமிஷம் பல் தேய்த்தான் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தார். எட்டு மாதம் பொறுத்த மகன் ஒருநாள் சொன்னான்: "அப்பா, ஒரு நல்ல ஆசிரமம் இருக்கு. அங்கே போய் உட்கார்ந்தா உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். ஒரு பிரார்த்தனைக் கூடம், ஒரு சமையல்கட்டு, அம்மா எடுத்து வளர்க்கும் பிள்ளைகள் ஒன்பது பேர். வேறு ஒன்றும் இல்லை.

"எனக்கு ஒரே கேள்விதான் அம்மா" என்றார் கோமதிநாயகம். "கண்ணை மூடி உட்கார்ந்தா மூணு நிமிஷத்துக்கு மேலே முடியலே. காலு எந்திரி எந்திரிங்குது. மனசு ஓரிடத்தில் உட்கார என்ன வழி?"

அம்மா பிள்ளைகளின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளையிலிருந்து காலை வேளையில் இந்த ஒன்பது பேரும் உங்க பொறுப்பு ஐயா. எந்திரிச்சு, பல் தேய்ச்சு, குளிச்சு, சாப்பிட்டு, ஏழரை மணிப் பிரார்த்தனைக்கு வந்து சேரணும். ஒரு பிள்ளையும் அழக் கூடாது. நீங்களும் சத்தம் போடக் கூடாது."

"வந்து சேர்ந்துட்டா பதில் சொல்வீங்களா?"

"அமாவாசைக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. அதுக்குள்ளே முடியலேன்னா மகன் வீட்டுக்கே போயிருங்க. நீங்களும் தவிச்சு, பிள்ளைகளும் தவிக்க வேண்டாம்."

கோமதிநாயகம் புறப்பட்ட அன்றே மகன் வீட்டில் அவருடைய கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பேரனின் படிப்பு மேசையைப் போட்டுவிட்டார்கள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்தரை மணிக்கு விசில் ஊதினார். ஒன்பது பிள்ளைகளும் அலறி எழுந்தார்கள். இரண்டு பேர் பாயை நனைத்துவிட்டார்கள்.

அம்மா வந்து கையை நீட்டினார். கோமதிநாயகம் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தார்.

அப்புறம் வாயே விசிலாகிவிட்டது. "சீக்கிரம்! சீக்கிரம்! இன்னும் அஞ்சு நிமிஷம்தான்! இன்னும் மூணு நிமிஷம்தான்!" பல்பொடிக்கும் தொட்டிக்கும், தொட்டிக்கும் தட்டுக்குமாக அவர் ஓடினார். அவர் வரும் பக்கம் பார்த்து, "விசில் தாத்தா வாராரு, ஓடு ஓடு" என்று பிள்ளைகளும் ஓடினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் எட்டு மணி, ஒருநாள் எட்டே கால்.

எல்லாரிலும் மோசம் மாரிச்செல்வி. ஐந்து வயது. பல்பொடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எறும்பு போவதைப் பார்த்திருப்பாள். பின்பக்கத்துத் தொட்டியடியில் குளிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். கையைப் பிடித்து இழுத்தால் ஊரைக் கூட்டி அழுவாள்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு. எந்திரி."

"இப்பத்தான தாத்தா உட்கார்ந்தேன்?"

"அஞ்சு நிமிஷம்னா எவ்வளவுன்னு தெரியாதா உனக்கு?"

அவள் ஈரக் கைகளை அகல விரித்துக் காட்டினாள். "இவ்வளவா?" பிறகு ஒடுக்கினாள். "இல்லே, இவ்வளவா?"

ஒன்பதாம் நாள் கோமதிநாயகம் அம்மாவிடம் போனார்.

"அந்தப் பிள்ளையை வேறே ஏதாவது இல்லத்துக்கு மாத்திருங்கம்மா. ஒரு வண்டி பிந்தினா, பின்னாலே வர்ற வண்டி எல்லாம் பிந்தும்."

"கொஞ்ச நேரம் நில்லுங்க ஐயா, வாரேன்" என்று அம்மா உள்ளே போனார்.

கோமதிநாயகம் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். கதவருகே போய்க் காது கொடுத்தார். உள்ளே எதையோ சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை வாசலுக்குப் போனார்.

அம்மா வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினார். "கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்னு சொல்ல வேண்டாமா அம்மா? சொல்லியிருந்தா நான்பாட்டுக்கு நிப்பேன்ல?"

"பிள்ளைகள்கிட்ட நீங்க எவ்வளவுன்னு சொல்றீங்க?"

"அஞ்சு நிமிஷம்னு தெளிவா சொல்றேனே!"

"அந்த அஞ்சு நிமிஷம் எங்கே இருக்கு?"

"இதோ" என்று மணிக்கட்டை நீட்டினார்.

"அது உங்க கையிலேல்ல இருக்கு" என்றார் அம்மா.

அம்மாவின் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது. அடியில் ஓர் ஊசித் துளை. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட்டது, இன்னும் கரிந்த வாசனை அடித்தது. ஒரு வாளித் தண்ணீரில் அதை மிதக்கவிட்டார். துளை வழியாகத் தண்ணீர் மெல்ல ஊறி ஏறியது.

"மூழ்கிற வரைக்கும் உட்கார்ந்து பாருங்க ஐயா."

பாதி மூழ்கும் வரை கோமதிநாயகம் உட்கார்ந்தார். சமையல்கட்டில் பால் பொங்கும் வாசனை வந்தது. எழுந்து ஓடி அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். சிரட்டை வாளியின் அடியில் கிடந்தது.

"எவ்வளவு நேரம் ஆச்சு அம்மா?"

"நீங்கதான் பார்க்கலையே" என்று அம்மா துணி மடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை கோமதிநாயகம் தொட்டியடியில் அந்த வாளியை வைத்தார். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

"இது மூழ்கிற வரைக்கும் குளியல். மூழ்கிருச்சுன்னா முடிஞ்சுது. யாரும் சிரட்டையைத் தொடக் கூடாது."

அன்று அவர் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. "ஏட்டி, இடுப்பு வரைக்கும் மூழ்கிருச்சு, சோப்பைக் கொடுட்டி." "கழுத்துக்கு வந்துட்டு, கழுத்துக்கு வந்துட்டு!" மாரிச்செல்வி குளித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள். சிரட்டை ஒரு பக்கம் சாய்ந்து களுக்கென்று உள்ளே போனது. அவள் தானாகவே எழுந்து துண்டை எடுத்துக்கொண்டாள்.

"அழலையே நீ?" என்றார் கோமதிநாயகம் ஆச்சரியமாக.

"யார் மேலே அழ? அதுதானே போயிருச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு கோமதிநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. பல் தேய்க்க ஒரு சின்னச் சிரட்டை, பாய் சுருட்ட ஒன்று, சாப்பாட்டுக்கு இருப்பதிலேயே பெரிதாக ஒன்று. துளையைப் பெரிதாக்கினார், மெழுகு வைத்துச் சிறிதாக்கினார், கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். குளியல் சிரட்டைக்குப் பதினொரு நிமிஷம். சமையல்காரம்மா, "சட்னிக்காகத் தேங்காய் உடைக்கேனா, உங்க சிரட்டைக்காக உடைக்கேனா, ஒண்ணும் விளங்கலே" என்று முனகினாள்.

ஏழரைப் பிரார்த்தனைக்கு ஏழு இருபத்தைந்துக்கே ஒன்பது தலைகளும் எண்ணெய் மின்ன உட்கார்ந்திருந்தன. எட்டு நாள் அப்படியே நடந்தது.

"அழுகை இல்லே, சத்தம் இல்லே. பதில் சொல்லுங்கம்மா."

"அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே ஐயா."

"ரெண்டு நாள்லே என்ன ஆயிரப் போகுது?"

அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். கோமதிநாயகம் கூடத்தை நாலு சுற்று சுற்றினார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்கு வர வேண்டிய தண்ணீர் லாரி வரவில்லை. அவர் வாசலுக்கும் பின்பக்கத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். தொட்டியடியில் மாரிச்செல்வி செங்கல்லை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல்லை உட்கார வைத்திருந்தாள்.

"தாத்தா, என் பஸ் கிளம்பணும். நீங்க நேரம் சொன்னாத்தான டிரைவர் எடுப்பாரு?"

"எந்த ஊர் வண்டி?"

"எங்க ஊர் வண்டி."

முன்பக்கம் ஹாரன் கேட்டது. மணி எட்டு நாற்பது. கோமதிநாயகத்தின் கால் அப்போதே வாசலுக்குத் திரும்பிவிட்டது. வாளியில் குளியல் சிரட்டையை மிதக்கவிட்டார்.

"இது மூழ்கிறதுக்குள்ளே வந்துருவேன்."

"வந்துருவீங்களா?"

"டைம் கீப்பர்கிட்டேயே கேக்கியா?" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

லாரிக்காரர் வாசலில் தரைக்கடியில் இருந்த சம்ப்புத் தொட்டியில் குழாயைப் போட்டுவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மணி என்னய்யா இப்போ?"

"என்ன பெரிசு, நாப்பது நிமிஷம்தானே?"

"நாப்பது நிமிஷம்தானேயா? உன்னை நம்பி இங்கே ஒன்பது பிள்ளைக இருக்கு. எட்டு மணின்னா எட்டு மணிக்கு வரணும். வர முடியலேன்னா வாரேன்னு சொல்லக் கூடாது."

"இது என்ன பஸ் ஸ்டாண்டா? தண்ணி வந்துச்சா, அதைப் பாருங்க."

அந்தப் பேச்சு அவரைச் சுட்டுவிட்டது. தாம் வேலை பார்த்த காலத்தில் வண்டிகள் எப்படிக் கிளம்பின என்று ஆரம்பித்தார். போன வாரமும் லாரி பிந்தியதைத் தேதியோடு சொன்னார். சம்ப் நிறைந்தது, குழாயைச் சுருட்டினார்கள், அப்போதும் முடியவில்லை. லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, வாக்கு என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தபோது எட்டு வயது எசக்கி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"தாத்தா! மாரிச்செல்வி கள்ள ஆட்டம் ஆடுதா!"

"என்ன செய்தா?"

"நீங்க தொடக் கூடாதுன்னு சொன்ன சிரட்டையைத் தொடுதா. மூழ்க மூழ்க எடுத்து, தண்ணியைக் கொட்டிட்டு, திருப்பித் திருப்பி மிதக்க விடுதா. மூணு தடவை ஆச்சு."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். அது உள்ளே போயிட்டா நீங்க லேட்டு ஆயிருவீங்களாம்."

லாரிக்காரர் பீடியைக் கீழே போட்டார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கோமதிநாயகம் பின்பக்கம் போனார். சுவர் முனையிலேயே நின்றுவிட்டார்.

மாரிச்செல்வி வாளியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம். இரண்டு கையும் முழங்காலின் மேல். பக்கத்தில் எறும்பு வரிசையாகப் போனது. அவள் அதைப் பார்க்கவில்லை. சிரட்டையின் விளிம்பு சாயப் போகும் நேரத்தில் இரண்டு கையாலும் அதை எடுத்தாள். தண்ணீரைக் கொட்டினாள். தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல மறுபடியும் தண்ணீரில் வைத்தாள். பிறகு செங்கல்லின் மேல் இருந்த கூழாங்கற்களிடம் சொன்னாள்:

"இருங்க, இருங்க. இறங்காதீங்க. டைம் கீப்பர் வந்துருவாங்க."

கோமதிநாயகத்துக்குக் கால் முன்னே போகவில்லை. திரும்பி விறுவிறுவென்று சமையல்கட்டுக்கு நடந்தார். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் மகன் வீட்டுக்கே போயிடுறேன் அம்மா. அமாவாசை வரைக்கும் வேண்டாம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். கோமதிநாயகம் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போதே சமையல்கட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"முப்பத்தோரு வருஷம். எவ்வளவோ பேர் வந்து கையைப் பிடிச்சுக் கெஞ்சியிருக்காங்க. டயர் பஞ்சர்ம்பாங்க, பிள்ளைக்குக் காய்ச்சல்ம்பாங்க. ஒருத்தனுக்கு ஒரு நிமிஷம் நான் விட்டுக் கொடுத்ததில்லை. இந்தப் பிள்ளை எனக்கு நாலு தடவை..."

அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வந்தார்.

"ஒரு சிரட்டை மூழ்கிற வரைக்கும் என்னாலே உட்கார முடியலே அம்மா. பல் தேய்க்கக்கூட ஒரு இடத்திலே நிக்காத பிள்ளை, அவ எப்படி நாலு சிரட்டைக்கு உட்கார்ந்தா? அது எப்படி அவளுக்கு வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடுறேன்."

அம்மா அரிவாள்மணையை விட்டுக் கையை எடுத்தார்.

"நீங்க பார்த்தப்போ சிரட்டை எப்படி இருந்தது?"

"அப்பத்தான் எடுத்து மிதக்க விட்டா."

"இப்போ?"

கோமதிநாயகம் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். "பாதி மூழ்கியிருக்கும்."

"அப்படின்னா நீங்க இன்னும் லேட்டு ஆகலே" என்றார் அம்மா. "இங்கே நின்னுக்கிட்டு என்ன கேள்வி ஐயா?"